பூச்சிப் பெட்டியிலிருந்து ஒரு கதை: தரங்கம்பாடியில் வண்டு பிடித்தது யார்?

பொறையாறுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதையோடு இரண்டு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பூச்சி தெரிந்தவர்களும் கதை தெரிந்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து தரங்கம்பாடிக்கு நடந்தே போய்விடலாம். கோட்டை, கடற்கரை, பழைய தேவாலயம் எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியவை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்ட பூச்சி நூல்களில் எங்கள் ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்பது போன வருடம்தான் தெரிந்தது. பூச்சியைப் பற்றி இரண்டு மூன்று வரி வர்ணனை, அப்புறம் "வாழிடம்: தரங்கம்பாடி". அவ்வளவுதான்.

பூச்சிகளை அனுப்பியவர்களில் முக்கியமானவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸிடம் படித்தவர். 1768இல் டென்மார்க்காரர்களின் கிறிஸ்தவ மிஷனுக்கு மருத்துவராகத் தரங்கம்பாடி வந்தார். பெயர் வைத்தவர் ஃபாப்ரிசியஸ். (தமிழ் அகராதி செய்த பப்ரிசியுஸ் ஐயர் வேறு ஆள். நான் முதலில் குழம்பிவிட்டேன்.) ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களை விவரித்த இந்த ஃபாப்ரிசியஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கீல் நகரத்தில் அவர் வைத்திருந்த பெட்டிகள் இப்போது கோபன்ஹேகனில் இருக்கின்றன. நம் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனுக்கு 1787இல் அறிவியல் பெயர் கொடுத்தவரும் இவர்தான்.

இதைப் படித்ததும் கதை வந்துவிட்டது என்று நினைத்தேன். தரங்கம்பாடியில் பிடிபட்ட ஒரு பொன்வண்டு தன் கதையைத் தானே சொல்கிறது. ஊசியில் குத்தப்பட்டுத் துடிக்கிறது, கப்பலில் மாதக்கணக்காகப் போகிறது, டென்மார்க் குளிரில் எங்கள் ஊர் வேலமரத்தை நினைத்து ஏங்குகிறது. படித்துக்காட்டிய இடத்தில் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு அக்கா கண் கலங்கினார். ஆனால் எனக்கு அது பொய்யாகத் தெரிகிறது. எங்கே பொய் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்துருண்டை:

தங்கச்சி, நான் ஒரு வேளாண் கல்லூரியின் பூச்சிக் காட்சியகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கதை எழுதத் தெரியாது. பெட்டி தெரியும்.

முதல் தவறு, வண்டு ஊசியில் துடிக்காது. இன்று நாங்கள் செய்யும் முறையில் பூச்சி செத்த பிறகுதான் ஊசி. அடியில் ஈத்தைல் அசிட்டேட் நனைத்த பஞ்சு போட்ட பாட்டிலுக்குள் போகும், அங்கேயே அடங்கிவிடும். வண்டு என்றால் ஊசியை வலது முன்னிறக்கையில் இறக்குவோம். நடு முதுகில் குத்த மாட்டோம். ஏதாவது ஒரு பக்கம் முழுசாக இருந்தால்தான் பின்னால் பார்ப்பவர் எல்லா அடையாளத்தையும் பார்க்க முடியும். பட்டாம்பூச்சிக்கு நெஞ்சில். ரொம்பச் சின்னதாக இருந்தால் ஊசியே கிடையாது, முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்டிவிடுவோம்.

அப்புறம் சீட்டு. ஊசியில் பூச்சிக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம். எந்த ஊர், எந்த நாள், யார் பிடித்தது. அதற்கும் கீழே இன்னொரு சீட்டில் பூச்சியின் பெயர். பெயர்ச் சீட்டு மாறும். பின்னால் வரும் ஆய்வாளர் இது வேறு இனம் என்று கண்டுபிடித்தால் புதுச் சீட்டு சேர்ப்பார், பழையதை எடுக்க மாட்டார். சில ஊசிகளில் நாலு சீட்டு தொங்கும், நாலு பேருடைய கையெழுத்து. ஊர்ச் சீட்டு மட்டும் மாறவே மாறாது. அது தொலைந்தால் அந்தப் பூச்சியை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெட்டியின் மூடி சரியாக உட்காராமல் இருந்தது. நான் கவனிக்கவில்லை. அந்துருண்டையும் தீர்ந்துபோயிருந்தது. அருங்காட்சியக வண்டு என்று ஒரு சின்ன வண்டு உண்டு, அதன் புழு காய்ந்த பூச்சியைத் தின்றே வளரும். அது உள்ளே போய்விட்டது. சில மாதம் கழித்துத் திறந்தேன். வரிசையாக ஊசி நிற்கிறது, ஊசியில் சீட்டு நிற்கிறது, பூச்சி இல்லை. அடியில் பழுப்பாகப் பொடி. 1950களில் பிடித்தவை எல்லாம். ஊர்ப் பெயரும் தேதியும் மட்டும் மிச்சம். அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

உன் கதையில் வண்டு அழுவதைவிட எனக்கு அந்தச் சீட்டுகள்தான் கண்ணில் நிற்கின்றன.

ஈரமண்:

எனக்கு வேறு கருத்து. ஊசி, பாட்டில், அந்துருண்டை என்று கொலையை ஒரு கைவேலை போலப் பேசுவது சங்கடமாக இருக்கிறது. பூச்சியை வைத்து எழுத வேண்டுமானால் உயிரோடு இருப்பதைப் பார்த்து எழுதட்டுமே.

மரியா சிபில்லா மெரியனை எடுத்துக்கொள்ளுங்கள். 1699இல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர். சூரினாமிலும் புழுவைப் பிடித்துவந்து, அது தின்னும் இலையைத் தேடிக் கொடுத்து, கூடு கட்டி வெளியே வரும்வரை காத்திருந்து வரைந்தார். உடம்பு கெட்டு 1701இல் திரும்பினார். 1705இல் புத்தகம் வந்தது. ஒரே பக்கத்தில் செடி, முட்டை, புழு, கூடு, அந்து எல்லாம் சேர்ந்து இருக்கும். பெட்டியில் காய்ந்து கிடக்கும் பூச்சியில் இந்த வாழ்க்கை எங்கே இருக்கிறது?

அந்துருண்டை:

அம்மா, மெரியனும் பூச்சிகளைப் பதப்படுத்தி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்தான். வளர்த்தும் பார்த்தார், சேகரித்தும் வைத்தார். இரண்டும் ஒரே ஆள் செய்த வேலை.

கொல்வதில் எனக்குச் சந்தோஷம் இருந்ததில்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோ மணல்மேடுகளில் செர்செஸ் நீலன் என்று ஒரு சின்னப் பட்டாம்பூச்சி இருந்தது. ஊர் பெருகி மணல்மேடு போனது. 1940களின் தொடக்கத்துக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அது தனி இனமா, வேறொன்றின் வகையா என்று ரொம்ப நாள் சந்தேகம். 2021இல், 93 வருடம் பெட்டியில் இருந்த ஒரு பூச்சியின் உடம்பிலிருந்து துளி எடுத்து மரபணுவைப் படித்தார்கள். தனி இனம்தான் என்று தெரிந்தது. பெட்டி இல்லாவிட்டால் அப்படி ஒன்று பறந்தது என்பதற்குக்கூடச் சரியான சாட்சி இருந்திருக்காது.

ஈரமண்:

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தங்கைக்கு நான் சொல்ல வந்தது வேறு. மெரியன் புத்தகத்தில் ஒரு செடி வரும், நம் மயில்கொன்றை. சூரினாமில் அடிமைப்பட்டிருந்த பெண்கள் அதன் விதையைக் கருக்கலைக்கப் பயன்படுத்தினார்கள் என்று எழுதுகிறார். தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்பதற்காக. அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாகவும் எழுதுகிறார். புழுவும் பூவுமாக அழகாக இருக்கும் ஒரு படத்துக்குப் பக்கத்தில் இது இருக்கிறது. பூச்சி நூல் என்று திறந்தால் இப்படி ஒரு வரியில் இடித்துக்கொள்வோம். இதை எந்த வண்டின் வாயில் வைத்துச் சொல்லுவீர்கள்?

பொறையாறுக்காரி:

மயில்கொன்றை எங்கள் வாசலில் நிற்கிறது. தினமும் சாமிக்குப் பறிக்கும் பூ. இதைப் படித்துவிட்டு இன்று காலை பறிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மெரியனிடம் பேசிய பெண்கள் யார் என்று யோசித்ததும் என் கதையில் எங்கே பொய் என்று பிடிபட ஆரம்பித்தது. கோனிக் வைத்தியம் பார்க்க வந்த மனிதர். எந்தப் பூச்சி எந்த மரத்தில் இருக்கும், எந்த மாதம் வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள்தான். நான் அவர்களை எல்லாம் விட்டுவிட்டு வண்டைப் பேசவைத்திருக்கிறேன். வண்டு பேசினால் எனக்கு வசதி. யாரும் வந்து அப்படி இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்த ஆட்களைப் பற்றி ஒரு துப்பும் இல்லையே. எங்கே தேடுவது?

வேம்படி:

அக்கா, ஒரு துப்பு இருக்கிறது. நான் கோவில்பட்டிப் பக்கம். கறையான் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது.

கோனிக் 1779இல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் வெளியீட்டில் கறையானைப் பற்றி ஜெர்மனில் எழுதினார். 1781இல் ஸ்மீத்மன் என்பவர் ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி லண்டனில் வெளியிட்ட நீண்ட கடிதத்தில் கோனிக் எழுதியதை எடுத்துச் சொல்கிறார். நம் ஆட்கள் ஈசல் பிடிக்கும் முறை அதில் இருக்கிறது.

ஈசல் பறந்து வெளியேறுவதற்கு முன்பே புற்றில் இரண்டு துளை போடுவார்கள். காற்று வரும் பக்கம் ஒன்று, காற்று போகும் பக்கம் ஒன்று. காற்று போகும் பக்கத்தில் பானையின் வாயை வைப்பார்கள். எதிர்ப்பக்கம் நாற்றமடிக்கும் பொருள்களைப் போட்டுத் தீ மூட்டுவார்கள். புகை புற்றுக்குள் போக, ஈசல் எல்லாம் பானைக்குள் வந்துவிழும். அடிக்கடி நல்ல பாம்பும் வருமாம், அதனால் ஜாக்கிரதையாக இருப்பார்களாம். பிடித்த ஈசலை மாவோடு கலந்து பலகாரம் செய்து மலிவாக விற்பார்களாம்.

இதில் எனக்குப் பிடித்த இடம் பானைதான். வைப்பதற்கு முன்னால் அதன் உட்புறம் ஒரு வாசனை இலையைத் தேய்ப்பார்கள். அந்த இலைக்கு அங்கே கொடுத்திருக்கும் பெயர் பெர்கேரா. லின்னேயஸ் "பெர்கேரா கோனிகீ" என்று பெயர் வைத்த செடி எது தெரியுமா? நம் கறிவேப்பிலை. நடுவில் முரையா என்று மாற்றினார்கள், இப்போது மறுபடியும் பெர்கேரா என்கிறார்கள். இரண்டிலும் கோனிகீ இருக்கிறது, அதாவது கோனிக்கின் பெயர். நாம் தினமும் தாளிக்கிற இலையில் உங்கள் ஊர் வைத்தியர் இருக்கிறார்.

பொறையாறுக்காரி:

தம்பி, இதைப் படித்ததும் கை நடுங்கியது. நிஜமாகவே. பானைக்குள் கறிவேப்பிலை தேய்த்த கை ஒன்று இருந்திருக்கிறது. அது பெண் கையோ ஆண் கையோ தெரியாது. ஆனால் இருந்தது.

நூலேணி:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். கதைப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

நுணுக்கம் கதையைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாவலாசிரியர் நபோகோவ் 1940களில் ஹார்வர்டின் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நீலப் பட்டாம்பூச்சிகளின் இறக்கைச் செதில்களை வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தார். அவை ஆசியாவிலிருந்து பேரிங் நீரிணை வழியாக ஐந்து அலைகளாக அமெரிக்காவுக்குள் வந்திருக்க வேண்டும் என்று 1945இல் எழுதினார். 2011இல் மரபணு ஆய்வு அதைச் சரி என்றது. செதில் எண்ணிய அதே கண்தான் நாவலும் எழுதியது. அதனால் ஊசி எந்த இறக்கையில் இறங்குகிறது என்பதை விடாதீர்கள்.

இரண்டாவது, பெயர். இயற்கை ஆய்வாளர் வாலஸ் மலாய்த் தீவுகளில் எட்டு வருடம் சுற்றிச் சேர்த்த உயிரின மாதிரிகள் 1,25,660. அதில் வண்டு மட்டும் 83,200. இவ்வளவும் ஒரு ஆள் கையால் நடக்குமா? சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர் சமைக்க வந்து, பறவை சுடவும் தோலுரிக்கவும் கற்று, சேகரிப்பில் பெரும் பங்கு செய்தார். வாலஸ் அவரைப் பெயர் சொல்லி எழுதினார், 1862இல் சிங்கப்பூரில் எடுத்த படம்கூட இருக்கிறது. அதனால் அலியைப் பற்றி இன்று பேச முடிகிறது. தரங்கம்பாடிக்காரருக்கு அது அமையவில்லை. நீங்கள் அவருக்கு ஒரு பெயர் வைப்பீர்களா? வைக்கலாம் என்பது என் எண்ணம். கதையின் வேலையே அதுதானே.

ஈரமண்:

பெயர் வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. முனியம்மா என்றோ காத்தான் என்றோ ஒரு பெயரை நாமே வைத்துவிட்டால், ஏதோ நேர்செய்துவிட்டோம் என்ற திருப்தி வந்துவிடும். உண்மையில் ஒன்றும் நேராகவில்லை. ஏட்டில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கதையிலும் காலியாகவே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களை விஞ்ஞானத்துக்கு உதவிய அப்பாவிக் கிராமத்தாராக எழுதிவிடாதீர்கள் தங்கை. அவர்கள் யாருக்கும் உதவப் போகவில்லை. சாப்பாட்டுக்கு ஈசல் பிடித்தார்கள், மிஞ்சியதை விற்றார்கள். அங்கே வந்து நின்று பார்த்தவர்தான் கோனிக். காற்று, புகை, இலை, பாம்பு எல்லாவற்றையும் கணக்குப்போட்டு வேலை செய்த நிபுணர்கள் அவர்கள். கற்றுக்கொண்டவர் அவர்.

நூலேணி:

பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வதும் நியாயம்தான். எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. எழுதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்துருண்டை:

அந்தக் காலப் பெட்டிகளில் நாங்கள் எழுதுவது போன்ற முழு ஊர்ச் சீட்டு வழக்கமில்லை. தேதி இருக்காது, ஊர் பெரும்பாலும் நூலில் மட்டும்தான் இருக்கும். அதனால் கதையில் கோபன்ஹேகன் பெட்டியைத் திறக்கும் காட்சி வந்தால் பூச்சிக்குக் கீழே தமிழ்நாட்டு விலாசம் முழுசாக இருப்பதாக எழுதிவிடாதே. சின்னதாக ஒரு பெயர், அவ்வளவு போதும்.

பொறையாறுக்காரி:

பொன்வண்டுக் கதையை மடித்து வைத்துவிட்டேன். புதிதாக ஆரம்பித்திருக்கிறேன். முதல் பத்தி இது. தயங்காமல் சொல்லுங்கள்.

*ஐப்பசி பிறந்து எட்டு நாள். வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. மஞ்சள் பூசாத புற்றாகப் பார்த்துக் கிழவி உட்கார்ந்தாள். பூசிய புற்றை அவள் தொட மாட்டாள், அது அம்மன் இருக்கும் இடம். பானையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். மடியிலிருந்த கறிவேப்பிலையைக் கசக்கி உள்ளே விரல் போகிற மட்டும் தேய்த்தாள். தள்ளி நின்ற வைத்தியர் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ கேட்டார். அவன் கிழவியிடம், "என்ன இலை என்று கேட்கிறார்" என்றான். கிழவி நிமிரவில்லை. தெற்குப் பக்கத் துளையில் பேத்தி தீயை ஊதிக்கொண்டிருந்தாள். புகை உள்ளே போனால் முதலில் வருவது ஈசலா பாம்பா என்பது தெரிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வைத்தியர் குனிந்து இலையில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.*

கிழவிக்குப் பெயர் வைக்கவில்லை. பேத்தி கூப்பிடும்போது ஆத்தா என்று மட்டும் வரும்.

ஈரமண்:

கிழவி நிமிராமல் இருந்தது சரியாக வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு விளக்கமும் சேர்த்துவிடாதீர்கள்.

வேம்படி:

நன்றாக இருக்கிறது அக்கா. ஆனால் தீ தப்பான பக்கம் இருக்கிறது. வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். தீயைத் தெற்கே வைத்தால் புகை புற்றுக்குள் போகாது, ஊதுகிற பேத்தி கண்ணில்தான் போகும். தீ வடகிழக்கே, பானை தென்மேற்கே.

நூலேணி:

கடைசி வரியில் அவர் இலையைப் பைக்குள் வைப்பதோடு பத்தியை நிறுத்தியது எனக்குப் பிடித்தது. பின்னால் அந்த இலை அவர் பெயருக்கே போகப்போகிறது என்பதைக் கதைக்குள் எங்கேயும் சொல்லாதீர்கள். தெரிந்தவர் தெரிந்துகொள்ளட்டும்.

பொறையாறுக்காரி:

கடலோரத்தில் பிறந்து வாடையின் திசையைத் தப்பாக எழுதியிருக்கிறேன். இப்போதே மாற்றிவிட்டேன். நூலேணி அண்ணா, சரி, சொல்லவில்லை. அந்தச் செடியில் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவதை மட்டும் எங்காவது வைக்க ஆசை. வேலிக்குள் வந்து போகும், அவ்வளவுதான், யாரும் அதைப் பிடிக்க மாட்டார்கள்.

வேம்படி தம்பி, ஒன்று கேட்க வேண்டும். நாற்றமடிக்கும் பொருள் என்று மட்டும்தானே அதில் இருக்கிறது. எதைப் போட்டிருப்பார்கள்? எங்கள் பக்கம் ஈசல் பிடிக்கத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் கிடைக்கவில்லை.

வேம்படி:

ஆச்சியிடம் கேட்டுவிட்டு வருகிறேன். எங்கள் ஊரில் மழை பெய்த சாயங்காலம் விளக்கு வைத்துத்தான் பிடிப்பது. வறுத்து இறக்கை புடைத்து, அரிசிப் பொரியோடு சேர்த்துத் தின்போம். ஆனால் அந்தக் காலத்தில் புகை போட்டதும் உண்டு என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வேம்படி:

கேட்டேன் அக்கா. ஆச்சிக்கு வயது 84. பழைய வேப்பம்புண்ணாக்கும் ஈரச் சாணி வறட்டியும் போடுவார்களாம். மிளகாய் போடக் கூடாதாம், ஈசல் காறலாகிவிடுமாம். புற்றுக்கும் பானைக்கும் நடுவே சந்து இல்லாமல் குழைத்த மண் பூச வேண்டுமாம், இல்லாவிட்டால் புகை பக்கவாட்டில் போய்விடும். எதற்கடா இதெல்லாம் என்றார். ஒரு அக்கா கதை எழுதுகிறார் என்றேன். முதல் பத்தியைப் படித்துக்காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "பானைக்கு வாய் அகலமா குறுகலா என்று எழுதவில்லையே, குறுகலாக இருந்தால் பாதி வெளியே போய்விடும் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லு" என்றார்.